நாற்பத்தொன்று பதினேழு

மணி இரண்டு இருபது. நாலு மணிக்கு வருகிறார்கள். கரூரிலிருந்து பஸ் என்றால் சிங்காநல்லூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ, பீளமேடு பதினைந்து நிமிஷம், அதற்குள் முன்னாலேயே வந்துவிட்டால் என்ன செய்வது. காலையில் எட்டரைக்கு அந்தப் பெண் போன் செய்தாள். பெயர் தேனுகா, கரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேம்பனூர் சேஷாத்ரியின் எழுபத்தொன்பதாம் வருஷக் கச்சேரியைப் பதிவு செய்த தணிகாசலம் சார் நீங்கள்தானே என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல், கொஞ்சம் பெருமையாகக்கூட. அந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிப்போயிருக்கிறது. அதற்கப்புறம்தான் அவள், அம்மா உங்களைப் பார்க்கணும்கறாங்க சார், அம்மா பேரு சௌந்தரவல்லி, சாயங்காலம் நாலு மணிக்கு வரலாமா என்றாள். வாங்க என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். இந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது. எனக்குள் மட்டும் அவ்வப்போது வரும், பல் தேய்க்கும்போது, பெட்ரோல் பங்கில் நிற்கும்போது, காரணமே இல்லாமல். உடனே வேறு எதையாவது நினைத்து அதை அமுக்கிவிடுவேன். எதற்கு வருகிறாள்? அதைச் சொல்லவில்லை. குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லாமல் பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். மில்லில் முப்பத்திரண்டு வருஷம் எலெக்ட்ரிகல் பார்த்தேன், சத்தம் போடுகிற மோட்டாரைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. ஒரு சத்தமும் இல்லாமல் சூடாகிறதே, அதுதான் எரியும்.

ஏனுங்க இப்பிடி நடந்துட்டே இருக்கறீங்க, உக்காருங்க, பிரஷர் மாத்திரை போட்டீங்களா என்று சாந்தாமணி உள்ளேயிருந்து கேட்கிறாள். போட்டேன். போட்டேனா? மேஜைமேல் அட்டையில் ஒரு குழி காலியாக இருக்கிறது, அது நேற்றையதா இன்றையதா. இரண்டு தடவை போட்டாலும் தப்பு, போடாவிட்டாலும் தப்பு. இவளிடம் யார் வருகிறார்கள் என்று சொல்லவில்லை, பாட்டுக் கேட்கிறவர்கள் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். வழக்கமாக வருகிறவர்கள்தானே. சென்னையிலிருந்து, பாலக்காட்டிலிருந்து, போன மாதம் ஆஸ்திரேலியாவிலிருந்துகூட ஒருவர் வந்து இந்த அறையில் உட்கார்ந்து, அறுநூறு ஸ்பூல் நாடா, ரெண்டாயிரத்துச் சொச்சம் கேசட், எல்லாவற்றையும் கோவிலில் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார். உங்க டேப் அட்டையில எழுதியிருந்தா அப்பீலே கெடையாது சார் என்றார். தேதி, இடம், பக்கவாத்தியம், ராகம், எல்லாம் என் கையெழுத்தில். வாட்ஸப்பில் நாங்கள் நானூறு பேர் இருக்கிறோம், பழைய கச்சேரிகளைத் தேடிப் பிடித்துப் பகிர்ந்துகொள்கிற குழு. எதிலாவது சந்தேகம் வந்தால் தணிகாசலம் சாரைக் கேளுங்கள் என்பார்கள். யார் மிருதங்கம், எந்த சபா, எந்த வருஷம். நான் சொன்னால் முடிந்தது. அந்த நானூறு பேரும் இப்போது ஒரு மாதமாக இந்தக் கச்சேரியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியூஜெர்ஸியில் ஒரு பையன் கம்ப்யூட்டரில் இரைச்சலையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறான், பந்தலில் மின்விசிறி ஓடியதுகூட இப்போது இல்லை, குரலும் வயலினும் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல. காலையில் வாக்கிங் போகும்போது கேட்கிறோம், காரில் கேட்கிறோம், ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கேட்டேன் என்று ஒருவர் எழுதினார். எல்லோரும் எழுதுவது சேஷாத்ரியைப் பற்றிக்கூட இல்லை. வயலினைப் பற்றி. கொத்தங்குடி மகாலிங்கம் தன் வாழ்நாளில் இப்படி வாசித்ததில்லை என்று. அது சரிதான். மகாலிங்கம் வாசித்ததே இல்லை.

மணி இரண்டு முப்பத்தைந்து. அன்றைக்கு மில் பிள்ளையார் கோவில் விழா, மூன்றாம் நாள். மகாலிங்கம்தான் வருவதாக நோட்டீஸ் அடித்திருந்தார்கள். மத்தியானம் தந்தி வந்தது, காய்ச்சல், வரமுடியவில்லை. கமிட்டிக்காரர்கள் ஆளைத் தேடி அலைந்து, கடைசியில் கரூரிலிருந்து ஒரு பெண்ணை மில் காரில் அழைத்துவந்தார்கள். இருபத்தாறு இருபத்தேழு வயசிருக்கும். ஊதா நிறச் சேலை. கச்சேரிக்குக் கால் மணி நேரம் முன்னால் வந்து இறங்கினாள். சேஷாத்ரி அவளைப் பார்த்தார், கமிட்டித் தலைவரைப் பார்த்தார். பெண்கள் வயலின் வாசித்தால் பாடமாட்டேன் என்று அந்தக் காலத்தில் பலர் வெளிப்படையாகவே சொல்வார்கள், அவர் சொல்லாமல் முகத்தைக் காட்டினார். நான் மேடைக்குப் பக்கவாட்டில், மில்லுக்குச் சொந்தமான ஸ்பூல் மெஷினோடு, காதில் ஹெட்போன். இருபத்தொரு வயசு. எனக்கு அன்றைக்கு முன்னால் வயலின் என்றால் பாட்டுக்குப் பின்னால் வருகிற ஒரு சத்தம், அவ்வளவுதான். காம்போதி ராகத்தை அவர் முக்கால் மணி நேரம் பாடினார், வேண்டுமென்றே, இந்தப் பெண் என்ன செய்கிறாள் பார்க்கலாம் என்பதுபோல. அவர் நிறுத்தியதும் அவள் ஆரம்பித்தாள். ஹெட்போனுக்குள் என் தலைக்குள் நேராக விழுந்தது. அவர் பாடியதில் எதையும் அவள் திருப்பி வாசிக்கவில்லை. அவர் போகாமல் விட்ட இடங்களுக்கெல்லாம் போனாள். பாதியில் கீழ்த் தந்தி சுருதி இறங்கிவிட்டது, வில்லை நிறுத்தாமலே இடது கையால் முறுக்கிச் சரிசெய்தாள், அதுகூடப் பதிவில் இருக்கிறது, ஒரு சின்ன முனகல் மாதிரி. அன்றைக்கே நான் அந்த ஸ்பூல் பெட்டியின் அட்டையில் பச்சை மையில் எழுதினேன், வயலின் சௌந்தரவல்லி, கரூர். பெயர்கூட எனக்குத் தெரியாது, மிருதங்கக்காரரிடம் கேட்டு எழுதினேன். அக்கறையாகத்தான் எழுதினேன். அந்த அக்கறை இருந்தவன்தானே நான், அப்புறம் எப்படி.

அப்புறம் எப்படி என்றால், தொண்ணூற்று மூன்றில் பம்பாய் மாட்டுங்கா ராகவாச்சாரி, என்னைப்போலக் கச்சேரி டேப் சேர்க்கிறவர், ஒரு கடிதம் எழுதினார். அவரிடம் சேஷாத்ரி மாயவரத்தில் ஒன்றரை மணி நேரம் தோடி பாடிய டேப் இருந்தது, உலகத்தில் ஒரே பிரதி. பத்து வருஷமாக அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நகல் தருகிறேன், பதிலுக்கு மகாலிங்கம் வாசித்த அபூர்வமான கச்சேரி ஏதாவது இருந்தால் மட்டும் அனுப்பும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தார். என்னிடம் இருந்த மகாலிங்கமெல்லாம் அவரிடமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கச்சேரியைக் கேசட்டில் நகல் எடுத்துவிட்டு வெற்று அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசிப்பு அந்தத் தரம்தான், மகாலிங்கம் என்றால் யாரும் நம்புவார்கள், அன்றைக்கு அவர் வருவதாகத்தானே நோட்டீஸும் அடித்தது, நோட்டீஸில் இருப்பதைத்தானே எழுதுகிறேன். எழுதிவிட்டேன். ஒரே ஒரு அட்டை, ஒரே ஒரு ஆளுக்கு, அவர் பீரோவுக்குள் பூட்டிவைப்பவர் என்று பெயர். தோடி வந்தது. பிரமாதமான தோடி. அவர் பூட்டிவைக்கவில்லை. டில்லிக்குப் போயிற்று, கல்கத்தாவுக்குப் போயிற்று, கேசட்டிலிருந்து சிடிக்கு, சிடியிலிருந்து இண்டர்நெட்டுக்கு. பத்து வருஷம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் எனக்கே அனுப்பிவைத்தார், உங்கள் ஊர்க் கச்சேரி, மகாலிங்கம் வாசித்தது, உங்களிடம் இருக்கிறதா என்று. நன்றி என்று பதில் போட்டேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ராகவாச்சாரி செத்தபோது சொல்லியிருக்கலாம். ஒரு பேராசிரியர் அதைப்பற்றிக் கட்டுரை எழுதுவதற்காக எனக்குப் போன் செய்து வயலின் மகாலிங்கம்தானே என்று உறுதிப்படுத்திக்கொண்டாரே, அப்போதாவது. அப்போதும் ஆமாம் என்றேன். கட்டுரையில் எனக்கு நன்றி சொல்லியிருந்தது. ஒரு அட்டை பொய் என்றால் மற்ற அட்டைகள்? நாளைக்கு எதை எடுத்தாலும் இதுவும் அப்படித்தானோ என்று கேட்பார்கள். அறுநூறு ஸ்பூலும் ஒரே நாளில் வெறும் பழுப்பு நாடா ஆகிவிடும். இதை யாரிடம் சொல்ல.

மணி மூன்று. சொல்வதற்கு ஒரு பதில் தயாராகத்தான் இருக்கிறது. நகல் எடுத்தவங்க யாரோ மாத்தி எழுதிட்டாங்கம்மா, நானும் இப்பத்தான் கவனிச்சேன். சத்தமில்லாமல் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். நன்றாகவே வருகிறது. கண்ணாடியில் பார்த்துச் சொல்லிப் பார்க்கிறேன், அவ்வளவு நன்றாக வரவில்லை. இந்தப் பதிலுக்கு ஒரே எதிரி பீரோவுக்குள் இருக்கிற பெட்டி. ஒரிஜினலைக் காட்டுங்க என்று கேட்டால்? கேட்பாள், கணக்கு டீச்சர். பச்சை மையில் தெளிவாக இருக்கிறது, எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று. பீரோவைத் திறக்கிறேன். பழைய நாடாக்களின் புளித்த காடி வாசனை மூக்கில் ஏறுகிறது. கீழ்த்தட்டில் இடது பக்கம், எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரியும். ஸ்பூலை எடுத்து வேறொரு காலிப் பெட்டியில் போடுகிறேன், அதன்மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பழைய பெட்டியை எங்கே வைப்பது. கிழித்துப் போட்டுவிடலாம், ஒரு நிமிஷ வேலை, அட்டைதானே. கிழிக்கக் கை வரவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, எதையும் கிழித்துப் பழக்கம் இல்லை. பரண்மேல், சாந்தாமணியின் இட்லிக் குண்டானுக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கும்போது அவள் வாசலில் நிற்கிறாள். என்னத்தைங்க அங்க வெச்சீங்க என்கிறாள். பழைய பெட்டி என்கிறேன். நாப்பது வருசமா ஒரு பெட்டியும் அந்த ரூமை உட்டு வெளிய வந்ததில்லையே என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். கை கழுவப் போகிறேன். திருடன் மாதிரி கை கழுவுகிறேன், அறுபத்தாறு வயசில்.

இன்னொன்று இருக்கிறது, அதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தொன்று பதினேழு. இரண்டாம் பாகத்தில் நாற்பத்தொன்றாம் நிமிஷம், பதினேழாம் வினாடி. குழுவில் எல்லோருக்கும் மனப்பாடம், ஒருவர் தன் காருக்கு அந்த நம்பர் கிடைக்குமா என்று விசாரித்தாராம். சேஷாத்ரி பல்லவியை மூன்று காலத்தில், ஒவ்வொரு தடவையும் வேகத்தை இரட்டித்து, பாடிக்கொண்டு வருகிறார். மேல்காலம் முடித்துத் திரும்பும்போது தாளத்தில் அரை இடம் தவறிவிடுகிறது. அவருக்கு, அவ்வளவு பெரிய வித்வானுக்கு. மிருதங்கம் தடுமாறுகிறது. வயலின் அவர் பின்னால்தான் போகவேண்டும், அவர் எங்கே விழுகிறாரோ அங்கே கூட விழவேண்டும், அதுதான் வழக்கம். அவள் விழவில்லை. சரியான இடத்தில் வில்லை அழுத்தி நீளமாக ஒரு இழுப்பு இழுத்தாள், இங்கே இருக்கிறது, பிடித்துக்கொள்ளுங்கள் என்று. அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு வினாடி. பந்தலில் யாருக்கும் தெரியவில்லை. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை பதிவில் இல்லை, நான் பார்த்தேன். கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் கமிட்டித் தலைவரிடம், இனிமே இந்தப் பொண்ணு வேண்டாம், எங்கயும் போடாதீங்கோ என்றார். குரலைத் தாழ்த்திக்கூடச் சொல்லவில்லை. அவள் நாலு அடி தள்ளி வயலினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் அவள் பெயரை எந்த நோட்டீஸிலும் நான் பார்த்ததில்லை.

மூன்று ஐம்பதுக்கே வாசல் மணி அடித்துவிட்டது. சாந்தாமணிதான் கதவைத் திறந்தாள். முதலில் மகள், கையில் தண்ணீர் பாட்டில், பின்னால் அவர். நான் தேடியது ஊதாச் சேலையை. வந்தவர் வெள்ளைத் தலை, கண்ணாடி, முழங்கால் வலிக்கு ஒரு காலைச் சாய்த்து நடை. எழுபத்திரண்டு இருக்கும், கணக்குச் சரிதான். வணக்கம் சொன்னார். மெஷின்கிட்ட உக்காந்திருந்த தம்பி நீங்கதானே, அப்ப ஒல்லியா இருந்தீங்க என்றார். உட்காரச் சொன்னேன், காப்பி வந்தது. மகள்தான் விவரம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்கிறவர் ஐந்து நிமிஷத் துண்டு ஒன்றை போனில் அனுப்பியிருந்தார், அம்மா அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அதைக் கேட்டவர் பாதியில் கையை நிறுத்திவிட்டார், தந்தி இறங்குற எடத்துல, இது நான் என்று சொன்னார். போட்டிருந்த பெயர் வேறு. மகள் அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இதோ, கேள்வி வந்துவிட்டது, இப்போது அந்தப் பதிலைச் சொல்லவேண்டும், நகல் எடுத்தவங்க யாரோ என்று நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா கையைத் தூக்கினார். பேரு கெடக்கட்டும் தம்பி, நான் அதுக்கு வரல என்றார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"பல்லவி உங்ககிட்ட முழுசா இருக்குதுங்களா? அதுல ஒரு எடத்துல நான் தப்புப் பண்ணிட்டேன். அவரு திரும்பிப் பாத்தாரு. அது எவ்வளவு பெரிய தப்புன்னு எனக்குத் தெரியணும். அதக் கேக்கத்தான் வந்தேன்."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியபோது இத்தனை நேரம் நான் பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது, பயந்திருக்க வேண்டியது வேறு. அவர் சொல்லிக்கொண்டே போனார், மகளுக்குச் சொல்வதுபோல. அன்றைக்கு சேஷாத்ரி வேண்டாம் என்று சொன்னது காதில் விழுந்தது, ஒரு வருஷம் வயலினைத் தொடவில்லை, அப்புறம் கல்யாணம், பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், பிள்ளைகளுக்குப் பிரார்த்தனைப் பாட்டு சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆயிற்று. மேடைக்குக் கூப்பிட்டவர்களிடம் தாளம் நிற்காது எனக்கு என்று அவரே சொல்லிவிடுவாராம். நாற்பத்தைந்து வருஷம். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டாம் பாகம், முப்பத்தொன்பதாம் நிமிஷத்திலிருந்து போட்டேன். மகள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள், அம்மா கண்ணை மூடிக்கொண்டு போட்டார். கீழ்க்காலம், நடுக்காலம், மேல்காலம். அந்த இடம் வந்தது, போயிற்று. மகளின் கை நின்றுவிட்டது. அம்மாவின் கை நிற்கவில்லை, அந்தத் தாளச் சுற்று முடிகிறவரை போட்டுவிட்டு, இன்னொருக்கா என்றார். போட்டேன். இன்னொருக்கா. மூன்றாவது தடவை கண்ணைத் திறந்தார்.

"அவரு தப்பினாருங்களா?"

"ஆமாங்கம்மா. நீங்க எடுத்துக் குடுத்தீங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்."

சொன்ன பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தைகள் எவ்வளவு கனம் என்று தெரிந்தது. அன்னைக்கே தெரியும். அந்தப் பெயரை மட்டும் நான் இருந்தபடி விட்டிருந்தால் டில்லியில் கேட்டவன், கல்கத்தாவில் கேட்டவன், நானூறு பேரில் ஒருத்தன், யாராவது ஒருவர் கரூருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டிருப்பார்கள், அம்மா நீங்கள் வாசித்த அந்த இடம் என்று. எழுந்து போனேன். ஸ்டூலில் ஏறும்போது சாந்தாமணி வந்து பிடித்துக்கொண்டாள். பெட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். பச்சை மையைப் படித்தார். மகள் அதைவிட வேகமாகப் படித்துவிட்டு, இது உங்க கையெழுத்தா சார், அப்ப அந்தப் பேரு எப்படி வந்துச்சு என்று கேட்டாள். ராகவாச்சாரியை, தோடியை, அட்டையை எல்லாம் சொன்னேன். பேராசிரியர் போன் செய்ததையும் சொன்னேன், எதையும் விடவில்லை. மெஷின்கிட்ட உட்கார்ந்திருந்த தம்பி என்று சொன்ன அந்த முகத்தில் ஏதாவது வரும் என்று பார்த்துக்கொண்டே சொன்னேன், ஒன்றும் வரவில்லை. மகள்தான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றாள். அந்த அம்மா கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று, அந்தத் தோடி அவ்வளவு நல்லா இருக்குமா தம்பி என்று. இருக்கும் என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

போனை எடுத்துக் குழுவுக்கு எழுத ஆரம்பித்தேன், அவர்கள் இருக்கும்போதே எழுதாவிட்டால் ராத்திரிக்குள் எனக்கு நூறு காரணம் கிடைத்துவிடும் என்று தெரியும். விரல் தப்புத் தப்பாக விழுந்தது. எழுதியதும் தேனுகாவிடம் காட்டினேன். அவள் நின்றபடியே படித்தாள். இந்தக் கச்சேரியில் வயலின் வாசித்தவர் கரூர் சௌந்தரவல்லி, நாற்பத்தொன்று பதினேழில் நாம் கேட்பது அவருடைய வில், அட்டையில் தவறுதலாக மகாலிங்கம் என்று நான் எழுதிவிட்டேன்.

"தவறுதலாவா சார்?"

அந்த ஒரு வார்த்தையை அழித்தேன். தெரிந்தே என்று எழுதினேன். வேறெதையும் மாற்றவில்லை. அனுப்பினேன். ஒரு டிக், இரண்டு டிக். யாரோ படித்துவிட்டார்கள். யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டியது, அப்புறம் இரண்டு பேர், அப்புறம் ஐந்து பேர், பேராசிரியரின் பெயரும் அதில் இருந்தது. நாளைக்கு அறுநூறு ஸ்பூலையும் ஒருவர்கூட நம்பமாட்டார்கள், நாளைக்கு என்ன, இன்றைக்கே. ஆஸ்திரேலியாக்காரர் என்ன எழுதுவார். போனை சாந்தாமணி என் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள். மகள், கௌம்பலாமாம்மா, ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சிரலாம் என்றாள். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டார்.

"மங்களம் வரைக்கும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

"அப்ப மொதல்ல இருந்து போடுங்க. நான் எப்பிடி வாசிச்சேன்னு நான் இன்னும் கேக்கல."